மேட்டில் நின்றவர்

“இந்த மேட்டை எதுக்கு விட்டு வெச்சாங்க மேஸ்திரி? பந்து போற தடம் நேரா இருந்தா நல்லாத்தானே இருக்கும்?”

நிபுணர் அம்மா இப்படிக் கேட்டதும் புல் பராமரிக்கும் மேஸ்திரி நடையை நிறுத்தினார். மலைமேல் இருக்கும் அந்தத் தனியார் கோல்ஃப் மைதானத்தைக் காலையிலிருந்து சுற்றிக் காட்டியதில் அவருக்குக் கால் இரண்டும் கெஞ்சின. முதல் ஆறு தடமும் சும்மா. அந்த அம்மாவை மைதான நிர்வாகம் வரவழைத்ததே, ஏழாவது தடத்து மேட்டை வெட்டலாமா கூடாதா என்று எழுதி வாங்கத்தான்.

மேடு உறுப்பினர்களின் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. நல்ல அடியெல்லாம் அதில் மோதிப் பள்ளத்தில் போய் விழுகிறதாம். மேஸ்திரிக்கோ அது தண்ணீர். மேட்டின் அடியில் ஓர் ஊற்று. அதிலிருந்து ஒரு கறுப்புக் குழாய் கீழே வேலைக்காரர் வீடுகளுக்குப் போகிறது. குழாய் போடும்வரை ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்துதான் அவர் மனைவிக்கு இடுப்பு போனது. மேட்டை வெட்டினால் ஊற்று போய்விடும் என்று இரண்டு முறை மனு கொடுத்தார். ‘மாற்று ஏற்பாடு பார்க்கலாம்’ என்றார்கள். அந்தப் ‘பார்க்கலாம்’ என்ன லட்சணம் என்று இத்தனை வருடத்தில் அவருக்குத் தெரியாதா?

தண்ணீர் என்றால் கேட்காத காது, வரலாறு என்றால் மட்டும் அவர்களுக்கு உடனே திறக்கும். மைதானத்தை வடிவமைத்தவரின் பெயரைப் பித்தளையில் பொறித்து வாசலில் மாட்டி, தினமும் துடைக்கச் சொல்கிறவர்கள் அவர்கள். அதனால் மேஸ்திரி துணிந்துவிட்டார்.

“இது சும்மா விட்ட மேடு இல்லம்மா. வடிவமைச்ச பெரியவர் வேணும்னே விட்டது. மூணு நாள் இங்கேயே நின்னு காத்து எங்கேருந்து அடிக்குதுன்னு பார்த்தாரு. மேட்டை எடுத்தா, குழி இருக்கற இடத்துல புல்லே நிக்காதுன்னாரு.”

“நீங்க பார்த்தீங்களா?”

“பக்கத்துலதான் நின்னேன்.”

அவர் வேலைக்குச் சேர்ந்ததே மைதானம் திறந்து நாலு வருடம் கழித்து.

அந்த அம்மா குறிப்பேட்டை மூடிவிட்டுப் புல்லிலேயே உட்கார்ந்துகொண்டார். “ஆள் எப்படி நடப்பார்?”

இதென்ன கேள்வி என்று மேஸ்திரிக்குப் புரியவில்லை. ஆனால் ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியுமா?

“விறுவிறுன்னு. நாங்க பாதியில மூச்சு வாங்கி நிப்போம், அவரு உச்சியில நின்னு வா வான்னு கையை ஆட்டுவாரு.”

“மழை வந்தா?”

“நனைவாரு. குடை பிடிச்சா திட்டுவாரு. ஒரு தடவை சறுக்கி விழுந்து, சேறும் சகதியுமா எழுந்து அவரே சிரிச்சாரு.”

சொல்லச் சொல்ல மேஸ்திரிக்கு அலுத்துப்போனது. ஒரு குழாய்த் தண்ணீருக்காக, செத்துப்போன ஒரு மனிதரை மேட்டிலும் மழையிலும் இழுத்தடிக்க வேண்டியிருக்கிறதே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

அந்த அம்மா கீழே இருந்த வீடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குறிப்பேட்டைத் திறந்து எழுதி, கையெழுத்துப் போட்டு, அவருக்குப் படித்தும் காட்டினார்.

“‘மேட்டைத் தொடக் கூடாது. வடிவமைத்தவர் மூன்று நாள் நேரில் நின்று எடுத்த முடிவு இது.’ போதுமா மேஸ்திரி?”

“நல்லா இருப்பீங்கம்மா.”

“குழாயைப் பார்த்ததுமே நான் முடிவு பண்ணிட்டேன். மீதியெல்லாம் எனக்காகக் கேட்டது.” அந்த அம்மா புல்லைத் தட்டிவிட்டு எழுந்தார். “அவர் என் அப்பா. நான் பிறக்கறதுக்கு முன்னாடியே அவருக்கு ரெண்டு காலும் விளங்காமப் போச்சு, இந்த மலையை அவர் வரைபடத்துல மட்டும்தான் பார்த்திருக்கார்.”