மீட்டர் பொய் சொல்லாது

"பொய்க் கணக்கு சார் இது!"

தணிக்கைக்கு வந்த அதிகாரியம்மா பைலைப் பட்டென்று மூடினார். எதிரே உட்கார்ந்திருந்த மேனேஜர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

ஆறு மாடி ஆபீஸ். மொட்டைமாடியில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து, வடிகட்டி, எல்லாக் கழிவறைகளுக்கும் அனுப்புகிறார்கள். அதைக் காட்டித்தான் பசுமைக் கட்டடச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். இன்னும் இரண்டே புள்ளி வேண்டும். கிடைக்காவிட்டால், "நீ வேற வேலை தேடிக்கோ" என்று முதலாளி நேற்றே சொல்லிவிட்டார். இரண்டு பிள்ளைகளும் காலேஜில் படிக்கிற நேரத்தில் மனுஷன் எங்கே போவார்?

"என்ன மேடம் தப்பு?"

"இந்தக் கட்டடத்துல இருநூத்தி அறுபது பேர்னு எழுதியிருக்கீங்க. அத்தனை பேருக்கு இவ்வளவு தண்ணி ஆகணும்னு ஒரு கணக்கு இருக்கு. உங்க மழைத் தண்ணி மீட்டர்ல பத்துல ஒரு பங்கு குறையுது. மாசா மாசம் அதே பங்கு! அப்போ ஏதோ சில டாய்லெட்டுக்கு மட்டும் குழாய்த் தண்ணியைத் திருப்பி விட்டிருக்கீங்க."

"என் பிள்ளைங்க மேல சத்தியமா இல்ல மேடம்!"

"எங்க ஃபாரத்துல சத்தியத்துக்குக் கட்டம் இல்ல சார்."

மேனேஜருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அக்கா கண்ணில் பட்டார். கோபமெல்லாம் அங்கே பாய்ந்தது.

"ஏம்மா, வால்வு கீல்வைத் திருப்பித் தொலைச்சீங்களா? என் வேலை போச்சுன்னா, எனக்கு முன்னாடி நீங்க அத்தனை பேரும் வெளியே போவீங்க, ஆமா!"

"ஐயோ, நாங்க ஏன் சார் அதைத் தொடப்போறோம்?" அக்கா துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

அதிகாரியம்மா பேச்சை வளர்க்கவில்லை. மழைநீர்த் தொட்டியில் நீலச் சாயத்தைக் கலக்கச் சொன்னார். அரை மணி நேரம் கழித்து மாடி மாடியாக ஏறினார்கள். அக்கா முன்னால் போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து தண்ணீரைத் திறந்துவிட்டார். பின்னால் நின்ற மேனேஜர் வேண்டாத தெய்வமில்லை.

நீலம். அடுத்ததும் நீலம். ஆறாவது மாடியின் கடைசிக் கழிவறை வரைக்கும் நீலம்!

"மடியில கனமிருந்தாத்தானே மேடம் வழியில பயம்!" மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மீட்டரையும் வாளி வைத்து அளந்து பார்த்தார்கள். அதுவும் துல்லியமாகச் சரி.

அதிகாரியம்மா நெற்றியைச் சுருக்கினார். "அப்புறம் எப்படிக் குறையும்? பத்துல ஒரு பங்குன்னா இருபத்தாறு பேர்..." பெயர்ப் பட்டியலைப் புரட்டிக்கொண்டே போனவர் கடைசிப் பக்கத்தில் நின்றார். "துப்புரவு, சமையல்கட்டு, காவல். இவங்க சரியா இருபத்தாறு பேர் இருக்காங்களே?"

ஆள் கூடினால் தண்ணீர்க் கணக்கு கூடும், கூடவே புள்ளியும் கூடும் என்று அந்தப் பெயர்களைச் சேர்த்தவரே மேனேஜர்தான்.

"ஒருத்தரைக்கூட விடல மேடம். எங்க கட்டடத்துல எல்லாரும் ஒரே குடும்பம்!" என்றார் பெருமையாக.

அதிகாரியம்மா அக்கா பக்கம் திரும்பினார். "நீங்கல்லாம் எந்த மாடி டாய்லெட்டுக்குப் போவீங்கம்மா?"

தங்கள்மேல்தான் பழி வரப்போகிறது என்று அக்காவுக்குப் பட்டது. எப்படியாவது சாரையும் காப்பாற்ற வேண்டும், தங்கள் வேலையையும் காப்பாற்ற வேண்டும். கையெடுத்துக் கும்பிட்டபடி அவசர அவசரமாகச் சொன்னார்:

"நாங்க எங்கேயும் போறதில்லம்மா! கழுவுறதோட சரி, போகக் கூடாதுன்னு சார் முதல் நாளே சொல்லிட்டாரு. எங்களால இங்க ஒரு சொட்டுகூட வீணாகாது. காலையில ஆறு மணிக்கு வந்தா, சாயங்காலம் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நாங்க யாரும் தண்ணியே குடிக்கிறதில்லம்மா!"