மிதிக்காத புல்

கால் தானாக நின்றுவிட்டது.

ஓடி வந்தவர் அப்படியே நின்றார். மூச்சு வாங்கியது. எதிரே புல் முழுக்க வெள்ளை. இரவு கொட்டிய உறைபனி, உப்பைத் தூவியதுபோல் கிடந்தது.

அந்தப் பக்கம் சாலை. சாலையில் காலை பஸ். பஸ்ஸில் அவர் மனைவி ரத்தினம்.

குறுக்கே நடந்தால் போதும். கண் மூடித் திறப்பதற்குள் போய்விடலாம்.

ஆனால் குறுக்கே இருந்தது கிரீன்.

ஊட்டி மலையில் ஒரு கோல்ஃப் மைதானம் அது. பந்து விழும் குழியைச் சுற்றி, ஒட்ட வெட்டி, குழந்தைபோல் பார்த்து வளர்க்கும் புல்லுக்குக் கிரீன் என்று பெயர். உறைந்து கிடக்கும்போது மிதித்தால் அது உள்ளேயே நொறுங்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓரிரு நாளில் ஒவ்வொரு காலடியும் கருகிப்போய்த் தெரியும். கோடை மழை வரைக்கும் ஆறாது.

பனி கரையும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது. அது நஞ்சப்பன் போட்ட சட்டம். ஹெட் மாலி அவர், தோட்டக்காரர்களுக்கெல்லாம் தலைவர். கிளப் செக்ரட்டரியையே கையைக் காட்டி ஓரமாக நிறுத்தி வைத்தவர்.

இன்றைக்கு அந்தச் சட்டம் அவரையே நிறுத்திவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் பெட்டியைக் கட்டி முடித்துவிட்டு ரத்தினம் கேட்டாள்.

"திருப்பூருக்கு, மக வீட்டுக்கே போயிரலாம்னு இருக்கறனுங்க. போகட்டுங்களா?"

அவர் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்.

"மேகமே இல்ல. நாளைக்குப் பனி கொட்டும்," என்றார்.

கேட்ட கேள்வி என்ன, சொன்ன பதில் என்ன.

புல்லுக்கு ஒரு நோய் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார் மனுஷன். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரையை வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போனார். மகள் கல்யாணத்தில், தாலி கட்டி முடித்த கையோடு பூஞ்சைக்கு மருந்தடிக்கக் கிளம்பினார். சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

காலையில் எழுந்தபோது வீட்டில் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போகாதே. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. இன்னும் கிளம்பவில்லை.

அவர் பஸ்ஸைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார்.

சுற்றிக்கொண்டு ஓடினார்.

மணல் குழியைத் தாண்டி, ஓடையோரம் சறுக்கி இறங்கி, மேட்டில் தட்டுத் தடுமாறி ஏறினார். சாலைக்கு வந்தபோது புகை மட்டும் இருந்தது.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு திரும்பிப் போய்க் குழாயைப் பிடித்துக் கிரீனில் தண்ணீர் தெளித்தார். பனி கரைந்தது. வெயில் ஏறுமுன் அதைச் செய்தாக வேண்டும்.

பனிக்காலம் போயிற்று.

பங்குனியில் மண்ணில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு வேருக்குக் காற்றுவிட்டார். மேலே மணலைத் தூவித் தேய்த்தார். புல் பச்சைப் பசேலென்று கிளம்பியது. செக்ரட்டரி சுற்றி வந்து பார்த்து அசந்துபோனார்.

"இந்த வருஷம் ஒரு காலடிகூட இல்லையே, நஞ்சப்பா. அற்புதம்."

அவர் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

ஆடியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பாசி ஏறியது. சுரண்டினார். ஐப்பசியில் காளான் முளைத்தது. பிடுங்கினார். ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வடிப்பதுதான் கைவரவே இல்லை. ஒரு நாள் மிஞ்சும், மறுநாள் பற்றாது. மிஞ்சினால் அதைத்தான் மறுநாளும் தின்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் பண்ணுவாள். உடம்பு எப்படி என்பாள். அவர் மழையைச் சொல்வார். பாசியைச் சொல்வார். வந்துவிடு என்ற சொல் நாக்கு நுனிவரை வரும், அங்கேயே நின்றுகொள்ளும். பாழாய்ப்போன நாக்கு.

மார்கழியில் முதல் பனி விழுந்த அன்று அவரே கூப்பிட்டார்.

"ரத்தினம், உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு நான் உன்னை நிறுத்தத்தான் வந்தேன். அதுக்குள்ள பஸ் போயிருச்சு."

அந்தப் பக்கம் பேரன் எதற்கோ சிணுங்குவது கேட்டது.

"பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்," என்றாள். "கண்டக்டர்கிட்டச் சொல்லி வண்டிய நிறுத்தி வெச்சதே நாந்தான். நீங்க சுத்திப் போகத் திரும்புனீங்க. அப்பத்தான் போலாம்னு சொன்னேன்."

"பனில மிதிச்சா புல்லு கருகிப்போகுமல்ல," என்றார்.

"எனக்குத் தெரியாதுங்களா?"

குரலில் கோபமே இல்லை.

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து நானும் சுத்தித்தானுங்களே நடந்தேன்."