மூன்று கமா பூஜ்யம்

பன்றிக் கொட்டகையின் மின்விசிறிகளை இயக்கும் பெட்டியை லேப்டாப்போடு இணைத்துவிட்டு, சிசெல் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெளியே ஜூட்லாந்து வெயிலில், மூச்சுமுட்டிச் செத்த நானூறு பன்றிகளையும் லாரி தன் இரும்புக் கையால் அள்ளிப் போடுகிறது. "விசிறி நின்னு சூடு மூணு டிகிரி ஏறினாலே அலாரம் அடிக்கும்னு சொன்னீங்களே?" என்கிறார் பண்ணைக்காரர் தோர்கில். திரையில் முப்பது என்றிருக்கிறது. தசமப் புள்ளிக்கு இந்த நாட்டில் கமாதான் போடுவார்கள். 3,0 என்று அடித்ததில் கமாவை மட்டும் மென்பொருள் விழுங்கிவிட்டது. "உங்க கம்பெனில எந்த எருமை இத அடிச்சது?" சிசெல் முப்பதை அழித்துவிட்டு, கமாவுக்குப் பதில் புள்ளி வைத்து 3.0 என்று அடிக்கிறாள். சோதனைக்காக அலாரத்தை அலறவிடுகிறாள். அந்த அலறலுக்குள், "நான்தான் அடிச்சேன், தோர்கில்" என்கிறாள். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறார்.