கல்லறை வாசலில் கல்யாணப் படம்

பூந்தமல்லி சாலையின் இரைச்சல் அந்தக் கல் படிகளுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. போர்க் கல்லறையின் வாசல் மண்டபத்தில், தூண்களுக்கு நடுவே காலை வெயில் பட்டை பட்டையாக விழுந்து கிடக்கிறது. அப்பால் ஒட்ட வெட்டிய புல்வெளி, அதன் கோடியில் வெள்ளைச் சிலுவை. மண்ணூர்பேட்டையிலிருந்து பஸ் மாறி வந்த ஹேமாவதி, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்துத் தூணைத் தடவிப் பார்க்கிறாள். அதே சொரசொரப்பு. கல்யாணமான புதிதில் அவளும் தசரதனும் இங்கேதான் தோளோடு தோள் உரச நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் கட்டிய ஏதோ பங்களா என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். விஷயம் தெரிந்து மாமியார் தலையில் அடித்துக்கொண்டபோது, "யார்னா கேட்டா ஊட்டின்னு சொல்லிடு" என்று அவள் காதோரம் சொன்னான் தசரதன். அவன் போய்ச் சேர்ந்த பிறகும், வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவள் ஊட்டி என்றேதான் சொல்கிறாள்.

அவளுடைய போனை வாங்கிப் பிடித்திருக்கும் காவலாளி கையசைக்கிறான். "நடுவுல வந்து நில்லும்மா. பக்கத்துல அம்மாம் எடம் காலியா கீது பாரு."

"இருக்கட்டும் நைனா. அப்டியே எடு."

முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். அவள் தலை அந்தக் காலி இடத்தின் பக்கமாக லேசாகச் சாய்கிறது, ஒரு தோளின் உயரத்துக்கு.