கதவைத் திறந்தவர்

“முதலாளியும் கூலிக்காரரும் ஒரே நேரத்துல ஜெபம் பண்ணினா, இயேசு யார் பக்கம் ஐயா?” என்று ஞாயிறு வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள். போதகர் இருமிச் சமாளித்தார்.

கோயிலுக்கு எதிரே மில் வாசலில், கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மில் முதலாளிதான் சபைப் பொருளாளர். “கோயிலுக்குள்ள அரசியல் வரக்கூடாது ஐயா. வந்தா, நீங்க மூட்டை கட்டிட வேண்டியதுதான்” என்று முன்பே சொல்லியிருந்தார்.

அன்று மாலை பிடித்த மழை விடவே இல்லை. மறுநாள் காலையில் போதகர் வந்து பார்த்தால், பூட்டிய கோயில் திறந்திருந்தது. உள்ளே பெஞ்சுக்குப் பெஞ்சு குழந்தைகள், பீடத்தருகே ஈரத்துணிகள்.

முதலாளி பாய்ந்து வந்தார். “யார் திறந்தது?”

கோயிலைப் பூட்டித் திறக்கும் ஊழியரான கோயில்பிள்ளை திருதிருவென்று விழித்தார். பாவம், பிள்ளைகுட்டிக்காரர். போதகர் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, “நான்தான்” என்றார்.

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, “சரி, மழை விடுற வரைக்கும் இருக்கட்டும்” என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

“உனக்காகப் பொய் சொல்லிட்டேன்ப்பா!” என்றார் போதகர், கோயில்பிள்ளையிடம்.

“எனக்காகவா? நீங்க திறந்தீங்கன்னுல்ல நான் நினைச்சேன்!”

கோயிலுக்கு மூன்றே சாவிகள். இவர்கள் இருவரிடமும் ஒவ்வொன்று; மூன்றாவது, பொருளாளரிடம்.

கோயில்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். “முதலாளியோட அப்பாவும் இதே மில்லுல கூலிதான் ஐயா. அந்தக் காலத்துப் போராட்டத்துல மழையில நின்ன அவங்க குடும்பத்துக்கு, யாரோ இந்தக் கதவைத் திறந்துவிட்டாங்களாம். யாருன்னு கடைசிவரைக்கும் தெரியலை.”

“இதுவும் தெரியாமலே இருக்கட்டும்” என்ற போதகர், தாம் செய்யாத உதவிக்கு நன்றி வாங்கிக்கொள்ளக் கூச்சத்தோடு உள்ளே போனார்.