சின்ன கார்டின் முதல் ஆட்டம்

கம்ப்யூட்டர் கடை அலமாரியில், திரையில் படம் காட்டும் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் அருகருகே இருந்தன.

"இந்த வாரமும் என் விலை ஏறியிருக்கு. உன்னை யார் சீண்டப்போறாங்க?" என்றது பெரிய கார்டு.

மறுநாள் ஜெசிந்தா என்ற நர்ஸ் வந்தாள். மஸ்கட்டில் இருக்கும் தம்பியோடு கார் ரேஸ் விளையாட ஒரு கார்டு வேண்டும் என்றாள். பெரியதன் விலையைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். சின்னதை வாங்கிப்போனாள்.

அன்றே அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆட்டம் தொடங்கியது. சின்ன கார்டுக்கு மூச்சு வாங்கியது.

"ரோட்டோர மரமெல்லாம் மங்கலாத் தெரியுதே, அண்ணே. கோவிச்சுக்குவாங்களோ?" என்று பக்கத்திலிருந்த பழைய பிராசஸரிடம் கேட்டது.

"மரத்தை யாரு பார்க்கிறா? அந்தம்மா தன் தம்பியோட காரை எப்படி இடிச்சுத் தள்றாங்க பாரு," என்றது பிராசஸர்.

ஸ்பீக்கரில் மஸ்கட்டிலிருந்து குரல் வந்தது. "இது அழுகுணி ஆட்டம்க்கா."