ஓசிக் காவல்

"திருடன் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கான் அண்ணே," என்றாள் கம்ப்யூட்டர் கடைக்காரி. "இன்னைக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளாவே இருக்கான்."

பாய்லர் அண்ணன் கதவு மூலையில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தேவிட்டார். ஆயுசு முழுக்க ஆலை அடுப்புக்குள் நிலக்கரி தள்ளிய கை. வேலை போனாலும் பேரும் பிடியும் போகவில்லை.

"அதைக் கீழ போடுங்க. கட்டிலுக்கடியில இல்ல, இதுக்குள்ள." மேசை மேலிருந்த லேப்டாப்பை விரலால் தட்டினாள்.

மகள் விட்டுப்போன பழைய லேப்டாப் அது. அதில் இத்தனை நாளாக இருந்தது இலவச வைரஸ் தடுப்பு. அவர் சீட்டாட உட்கார்ந்தால் போதும், 'காசு கட்டு, காசு கட்டு' என்று ஒரு கட்டம் வந்து ராணியையும் ராஜாவையும் சேர்த்து மறைக்கும். தொல்லை தாங்காமல் இன்று காலை, மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருப்பவளைக் கூப்பிட்டார். பழையதைக் கழற்றிவிட்டு, காசு கட்டி வாங்குகிற தடுப்பு ஒன்றை, ஒரு மாசம் சோதித்துப் பார்க்க என்று போட்டாள். போட்டதுதான் தாமதம், திரை சிவந்துவிட்டது.

"அப்ப அந்தப் பழசு இவ்வளவு நாளா என்ன புடுங்கிச்சு?"

"ஓசி நாய் அண்ணே. குரைக்கும், கடிக்காது. யாரோ வெளியில இருந்து உங்க கேமராவைத் திறந்து பார்த்திருக்கான். தினம் காலையில நீங்க இதைத் திறந்ததும் வர்றான், கொஞ்ச நேரம் பார்க்கறான், போயிடறான். தோ, இந்தச் சின்ன விளக்கு எரியுதே, இதை நீங்க பார்த்ததே இல்லையா?"

"பார்த்தேன். கரண்ட் விளக்குன்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்சீங்க போங்க."

அவருக்கு உடம்பு கூசியது. கிழிந்த பனியனோடு டீ குடித்தது, பேச ஆளில்லாமல் சீட்டு ராணியிடம் "எங்கடி போற" என்று வம்பு வளர்த்தது, பெண்டாட்டி படத்தைத் துடைக்கும்போது மூக்கை உறிஞ்சியது, அத்தனையையும் எவனோ ஒருத்தன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

"என்னத்தை எடுத்தான்?"

"அதான் புரியல. பென்ஷன் கணக்குப் பக்கமே போகல. முதல்ல நோட்டம் விடுவாங்க, அப்புறம்தான் கை வைப்பாங்க." அவள் திரையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தாள். "போன மாசம் ஒரு ராத்திரி மட்டும் விடியற வரைக்கும் பார்த்திருக்கான் அண்ணே!"

"காய்ச்சல் அடிச்ச ராத்திரி அது. மூடாமலே படுத்துட்டேன்."

"போர்வைக்குள்ள முனகற மனுஷன்கிட்ட என்னத்தைக் கண்டானோ."

"எப்ப சாவான், எப்ப சட்டிபானையைத் தூக்கலாம்னு காத்துக் கிடந்திருப்பான். அடைச்சு விடு தங்கச்சி."

அவள் அடைத்தாள். சின்ன விளக்கு அணைந்தது.

"தனியா இருக்கற ஆள். பிள்ளைங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லி வைங்க," என்றாள் பையை மூடிக்கொண்டே.

"ஒருத்தி இருந்தா. வேலை வேலைன்னு ஊர் சுத்திட்டு, அம்மாவை அடக்கம் பண்ணின பின்னாடி வந்து நின்னா. 'என் சாவுக்கு உனக்குச் சேதியே வராது, போடி'ன்னுட்டேன். போயிட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? போன் பண்ணினா. நான்தான் எடுக்கல. இப்ப பண்றதும் இல்ல."

 கடைக்காரி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். "கம்பெனிக்காரன் போன் பண்ணி, சோதனை எப்படி இருக்குன்னு கேப்பான். திருப்தின்னு சொல்லிடுங்க. இல்லேன்னா உசுரை வாங்கிடுவான்."

அவள் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. பாய்லர் அண்ணன் கம்பியை மூலையில் சாத்திவிட்டு மேசைக்கு வந்தார். டீ ஆறிப் போயிருந்தது. சீட்டாட்டத்தைத் திறந்தார். இப்போது காசு கேட்டுக்கூட ஒரு கட்டமும் வரவில்லை.

விளக்கு எரிந்த இடத்தை ஒருமுறை பார்த்தார். வெளியே சொன்னால் வெட்கக்கேடு. ஆனால் அந்தத் திருட்டுப் பயலும் போன பிறகு வீடு இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

போன் அடித்தது. கண்ணாடியைத் தேடப் பொறுமையில்லாமல் எடுத்துக் காதில் வைத்தார்.

"திருப்திதான்யா, ரொம்பத் திருப்தி! போட்ட உடனே திருடனைப் பிடிச்சிடுச்சு. இனிமே ஒரு பய என்னைப் பார்க்க முடியாது, போதுமா?"

 அந்தப் பக்கம் யாருக்கோ, படியேறி ஓடி வந்தவர்களைப் போல மூச்சு இரைத்தது.

"அப்பா… ஏன் திடீர்னு இருட்டாயிடுச்சு?"